படம் காட்டிப் பெயர் கேட்டார்கள்

மதுரையில், மூன்றாம் மாடியில், குளிரூட்டிய அறையில்
ஒரு பெண் அட்டை அட்டையாகக் காட்டினாள்.
இது? சீப்பு.
இது? ஏணி.
இது? நங்கூரம் என்றேன்.
அதில் கயிறு இல்லை, அப்படிப் போட்டால் படகு நிற்காது
என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
அடுத்த அட்டைக்குப் போய்விட்டாள்.
ஒட்டகத்துக்கு மட்டும் கொஞ்சம் திணறினேன்.
குறித்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னார்:
இடது பக்கம், காதுக்கு மேலே,
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு தழும்பு.
அங்கிருந்துதான் கிளம்புகிறது. எடுத்துவிடலாம்.
பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு நின்றுவிடுகிறது.
ஆனால் பெயர்கள் இருக்கும் இடம் பக்கத்திலேயே.
பொருள் தெரியும், பேர் வராமல் போகலாம்.
இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு மாத்திரை.
இல்லையென்றால் இப்படியே.
யோசித்துச் சொல்லுங்கள், செலஸ்தீனா.

பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறும்போது யோசிக்கிறேன்.
ஜன்னலோரம் என்னை விடமாட்டான் அமலதாஸ்.
பதினொரு வருஷமாக அந்தத் தோளுக்கு மேலேதான்
கடலை எட்டிப் பார்க்கிறேன்.

வருவதற்கு முன்னால் ஒரு வாசனை:
பாலே இல்லாத இடத்தில் கருகிய பால்.
பிறகு நான் இல்லை.
பிறகு நாக்கில் இரத்தம், சுற்றிலும் கால்கள்,
கையில் யாரோ திணித்த இரும்பு.
ஒருமுறை ஏலக்கூடத்தில் எழுந்தபோது
என் கையில் இருந்தது ரோச்சுவின் பைக் சாவி.
கேட்க வெட்கப்பட்டு வெயிலில் நின்றான் பாவம்.
நான்தான் முதலில் சிரித்தேன்.

பழைய மாத்திரை நன்றாகத்தான் கேட்டது.
கருவுக்கு ஆகாது என்று மாற்றினார்கள்.
புதியது வலிப்பில் பாதியை நிறுத்தி
அந்தப் பாதிக்குக் கோபத்தை வைத்தது.
சோற்றுச் சட்டியை எறிந்தேன்.
பருக்கைகளைக் கூட்டிக்கொண்டே அமலதாஸ் சொன்னான்,
'நீ இல்ல, மாத்திரை.'
எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

காலண்டரில் பாசிக்குப் போகும் நாளுக்கு
நான் வட்டம் போடுவேன், பன்னிரண்டு.
அதே தாளில் என் மகள் ரெக்சி
சிவப்பு மையால் புள்ளி வைப்பாள். இந்த மாதம் ஏழு.
இரண்டு புள்ளி வட்டத்துக்குள்ளே விழுந்திருக்கிறது.

கடலில் இறங்கக் கூடாது, எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.
ஒரு வருஷம் கரையில் பாசி காயவைத்தேன், பாதிக் கூலிக்கு.
பிறகு இறங்கினேன்,
இடுப்பில் கயிறு, மறுமுனை மதினி சூசையம்மா இடுப்பில்.
'இழுத்தா வருவேன். இழுக்கலேன்னா
அதுக்கு முன்னாடியே வருவேன்.'
அவள் இப்போது ஆழத்துக்குப் போவதில்லை.
எதற்கென்று சொல்வதுமில்லை.
தராசில் அவள் சாக்கு ஏறும்போது
நான் வேறெங்கோ பார்க்கிறேன்.

இரவில் கணக்குப் போடுகிறேன், எதெது போகலாம் என்று.
ஒட்டகம் போகட்டும்.
சீப்பு போனால் தலையைத் தொட்டுக் காட்டுவேன்.
மரிக்கொழுந்து? கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, பக்கோடாப்பாசி?
கச்சான் காற்று, வாடைக் காற்று?
கலங்கிய தண்ணீரில் கண் ஒன்றும் சொல்லாது.
துணி சுற்றிய விரல் கல்லில் பட்டதும்
பெயர் தானாக வரும், மூச்சுக்கு முன்னால்.
அப்படியானால் அது காதுக்கு மேலே இருக்கிறதா,
விரலிலா?
டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

'உன் பேரே வராமப் போனா?'
ரெக்சி வீட்டுப்பாடத்திலிருந்து தலை தூக்கவில்லை.
'ஏ கழுதைன்னு கூப்பிடு. இப்பவும் அப்படித்தானே.'

வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ண வேண்டும்.
வியாழன் அமாவாசை.
கயிற்றை நல்ல தண்ணீரில் அலசிப் போட்டிருக்கிறேன்.
இரண்டு முடிச்சு புதிது.

ஒரு வாசனை.
சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்கிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான் இருக்கிறேன்.
இன்னும் இருக்கிறேன்.
எழுந்துபோய்ப் பார்த்தால்
அமலதாஸ் அடுப்பில் வைத்து மறந்த பால்,
பொங்கி வழிந்து, விளிம்பில் கருகி.
நிஜப் பால்.
அடுப்பை அணைத்தேன்.